தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அத்தானும் அங்கே குளிரோடு மல்லுக்கட்டாமல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மாற்றல் வந்துவிட்டது. எங்கே தெரியுமா? உன் ஊருக்கு! கம்பெனியில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள் பத்துப் பேர் இருக்கிறோம். குளிர் ஊர் என்று சொன்னதுமே ஒன்பது பேருக்கு முதுகுவலி வந்துவிட்டது. நான் மட்டும் கையைத் தூக்கினேன். உன்னைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது அக்கா. அப்பா போனபோதுகூட உன்னால் வர முடியவில்லை. இனிமேல் அந்தக் குறை இருக்காது.

இவளுக்குத்தான் பயம். "வாண்டு ஸ்கூலுக்கு நடந்து போகணும். எந்தத் தெருவுல எப்படிப்பட்டவங்க இருக்காங்கன்னு நமக்கு என்ன தெரியும்? அண்ணிகிட்ட கேட்டு எழுதுங்க. அவங்க கையைக் காட்டற இடத்துலதான் வீடு" என்று உத்தரவு போட்டுவிட்டாள். அதனால் நீ சொல்வதுதான் எங்களுக்குச் சட்டம். "என் பொண்ணு வீட்டு ஜன்னலைத் திறந்தா எதிர்ல ஏரி" என்று அப்பா உன் கடிதத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படித்துக் காட்டுவாரே, அந்த ஏரிப்பக்கத்திலேயே கிடைத்தால் ரொம்ப நல்லது.

நான் இப்போது சீனியர், தெரியுமா? லிஃப்டுக்குள்ளே ஒரு அட்டை மாட்டியிருக்கும். மாதாமாதம் சோதித்துப் பார்த்துவிட்டு அதில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். கீழே அப்பா வைப்பது போலவே இரண்டு புள்ளி. ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் போட நீ சொல்லிக்கொடுத்தாயே, அதே கையெழுத்துதான். மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் முட்டி போட்டோம். ஆனால் பிழைப்புக்கு உதவுகிறது.

அத்தானுக்கு என் வணக்கம். ஊசியைத் திட்டிக்கொண்டே நூல் கோப்பதை இப்போதாவது நிறுத்தினாயா?

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தம்பி

ஜூன் 24

என் அவசரக்குடுக்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். அத்தானும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். வாண்டுக்கு அத்தையின் முத்தம்.

ஒன்பது பேர் முதுகைப் பிடித்துக்கொண்டபோது நீ மட்டும் ஏன் கையைத் தூக்கினாய் என்று முதலில் திட்டத் தோன்றியது. இந்தக் குளிர் விளையாட்டு இல்லை. சரி, தூக்கியாயிற்று. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

வீட்டைக் காலையில் போய்ப் பார்க்காதே. காலையில் எல்லாத் தெருவும் சாதுதான். பொழுது சாய்கிற நேரத்தில் போ. தெருவிளக்கு வரிசையாக எரிகிறதா, இரண்டுக்கு ஒன்று குருடா என்று பார். குழந்தைத் தள்ளுவண்டிகளைப் பூட்டாமல் வாசலில் விட்டிருக்கிறார்களா என்று பார். விட்டிருந்தால் நல்ல தெரு. பனிக்காலத்தில் போனால், நடைபாதையில் பனியை அவரவர் வாசலோடு வழித்து நிறுத்துகிறார்களா, பக்கத்து வாசலுக்கும் சேர்த்து வழிக்கிறார்களா என்று பார். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி இருக்க வேண்டும். தரைத்தளம் வேண்டாம், குழாய் உறைந்து வெடிக்கும்.

ஏரிப்பக்கம் நல்ல இடம். கண்ணை மூடிக்கொண்டு எடு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆறு மாடி, ஏழு மாடி என்று பழைய கட்டடங்கள். வாடகை குறைவு என்று யாராவது ஆசை காட்டினால் மயங்காதே. நடுவில் ஒரு நடைப்பாலம் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் பாலத்தைத் தாண்டி வருவது வேலைக்கு அல்ல, வேவு பார்க்க. எந்த வீட்டில் என்ன திருடலாம் என்று நோட்டம் விடுகிறார்களாம், இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வாண்டை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூட விடாதே.

சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு வராதீர்கள். அம்மா பழந்துணியில் பின்னிய, நடுவில் பச்சை வைத்த கால்மிதி இன்னும் என் வாசலில்தான் கிடக்கிறது. இந்தக் குளிரில் உழைப்பது அதுபோன்ற சாமான்தான்.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். அத்தானுக்கு வேறு ஊரில் வேலை கூடி வருகிறது. ரயிலில் அரைநாள் தூரம். நீங்கள் வருவதற்குள் நாங்கள் கிளம்ப வேண்டியிருக்கலாம். இன்னும் முடிவாகவில்லை.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். ஆனால் நான் கோபமாக இருக்கிறேன், அதையும் நலத்தோடு சேர்த்துக்கொள்.

ஆறு வருஷம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு நான் வருகிறேன் என்றதும் மூட்டை கட்டுகிறாயா? நான் என்ன மாமியார் வீட்டு விருந்தாளியா? "அத்தை நம்மளைப் பார்த்து ஓடிப்போறாங்களா?" என்று வாண்டு கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

ஏரிப்பக்கத்தில் வீடு கிடைத்துவிட்டது. கம்பெனியில் ஒருவர் பார்த்துக்கொடுத்தார். இரண்டாவது மாடி, இரட்டைக் கண்ணாடி, எல்லாம் நீ சொன்ன மாதிரி. உன் கடிதத்தை இவள் சமையலறையில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள். எந்த வேலை செய்தாலும், "அண்ணி என்ன சொல்லியிருக்காங்க?" என்று திரும்பிப் பார்க்கிறாள்.

செப்டம்பர் கடைசியில் வருகிறோம். ஒரு வாரமாவது தள்ளிப் போட அத்தானிடம் கேட்டுப் பார். இல்லையென்றால் புது ஊர் முகவரியை எழுது, நான் ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி வந்துவிடுகிறேன்.

கோபமாகவே,
தம்பி

செப்டம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம். நலம். புது வீடு இன்னும் நிலைப்படவில்லை, அதனால் கடிதங்களை எப்போதும் போலப் பழைய ஊர்ப் பெரிய தபாலாபீசில் பெட்டி எண் 212க்கே எழுது. அங்கிருந்து எனக்கு வந்து சேரும்.

இப்போதைக்கு ரயில் ஏறி வர வேண்டாம். அத்தானுக்கு வேலை அதிகம், நானும் வீட்டில் இருப்பதில்லை. வசதிப்பட்டதும் நானே கூப்பிடுகிறேன்.

வாண்டிடம் சொல். அத்தை அவளைப் பார்த்து ஓடவில்லை.

அக்கா

அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். மூக்கு மட்டும் எங்களுடையது இல்லை போல இருக்கிறது, தொட்டால் தெரிவதில்லை. மற்றபடி மூன்று பேரும் நலம். உங்கள் இருவர் உடம்பும் எப்படி?

வீடு பிரமாதம். ஜன்னலைத் திறந்தால் ஏரி, அப்பா சொன்னது போலவே. உன் பழைய வீடு எது என்று தெருத்தெருவாகத் தேடினேன். பச்சை வாசல் வீட்டு அம்மாவுக்கு உன்னை ஞாபகம் இருந்தது. "அவங்க போயி நாலு வருஷம் இருக்குமே" என்றார். வயதாகிவிட்டது, பாவம், நாலு வாரத்தை நாலு வருஷம் என்கிறார்.

இங்கே ஒரு குடியிருப்போர் சங்கம் இருக்கிறது. அதன் செயலாளர் முதல் நாளே பெரிய சிரிப்போடு வீட்டுக்கு வந்தார். நீ எழுதிய அந்த நடைப்பாலத்தை மூடச் சொல்லி நகராட்சிக்கு மனு கொடுக்கிறார்களாம். நான் உடனே பேனாவை எடுத்துவிட்டேன். வாசலில் நின்றபடியே, அப்பாவின் இரண்டு புள்ளியோடு! அதோடு விட்டேனா? உன் கடிதத்தை எடுத்து வந்து, "அந்தப் பக்கத்து ஆட்கள் பாலத்தைத் தாண்டி வருவது வேலைக்கு அல்ல, வேவு பார்க்க" என்ற வரியை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இதைவிடத் தெளிவா யாரும் எழுதலை சார்" என்று குறித்துக்கொண்டு, மனுவிலேயே முதல் வரியாகச் சேர்த்துவிட்டார். உன் எழுத்து நகராட்சி வரைக்கும் போயிருக்கிறது அக்கா. அப்பா இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்.

இவள் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. "நான் அந்தப் பக்கமே போனதில்லை. பார்க்காம எப்படிப் போடறது?" என்றாள். "அக்கா பார்த்திருக்கா, அது போதாதா?" என்றேன். இவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி வேண்டும்.

உடனே பதில் போடு.

தம்பி

நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நாற்பது நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால் பெட்டி நிரம்பி வழிகிறதா, இல்லை புது ஊரில் தம்பி என்று ஒருவன் இருப்பது மறந்துவிட்டதா?

வாண்டுக்கு இருமல், இப்போது பரவாயில்லை. பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. பாலத்தை இந்த மாதம் ஐந்தாம் தேதி மூடிவிட்டார்கள். இரண்டு முனையிலும் கம்பிக் கதவு, பூட்டு. மனுவின் நகலைக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள், எங்கள் எல்லோருடைய கையெழுத்தோடும். செயலாளர் எனக்குக் கைகொடுத்தார்.

காலையில் வேலைக்குப் போகும்போது பார்க்கிறேன். பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டுச் சிலர் திரும்பிப் போகிறார்கள். எல்லோர் கையிலும் சாப்பாட்டுப் பை இருக்கிறது. வேவு பார்க்க வருகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டா வருவார்கள் என்று இவள் கேட்கிறாள்.

உடம்பு சரியில்லையா அக்கா? ஒரு வரியாவது எழுது.

கவலையோடு,
தம்பி

டிசம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

கவலைப்படாதே. போன மாதம் பனியில் வழுக்கி விழுந்துவிட்டேன். வலது கணுக்காலில் சின்ன விரிசல், கட்டுப் போட்டிருக்கிறார்கள். கை நன்றாக இருக்கிறது, எழுதாததற்குக் கையைச் சாக்குச் சொல்ல மாட்டேன். எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

வாண்டுக்குக் கழுத்தை மூடிக் கட்டு. வாயைத் திறந்து மூச்சு விட விடாதே.

பாலத்தை மூடிவிட்டதாக எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் இப்போது எப்படி வருகிறார்கள்? ரயில் கேட் வரைக்கும் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும் என்று நினைக்கிறேன். ஐம்பது நிமிஷம் ஆகும். அந்தச் சாலையில் பனியை யாரும் வழிப்பதில்லை. சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

உன் பெண்டாட்டி கையெழுத்துப் போடாதது நல்லது. அவளிடம் நான் சொன்னதாகச் சொல்.

அக்கா

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

கால் எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்தாயிற்றா? ஊன்றி நடக்க முடிகிறதா? மாடிப்படி ஏற வேண்டாம்.

எனக்கு வேலைப் பகுதியை மாற்றிவிட்டார்கள். இனிமேல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் கட்டடங்கள் எல்லாம் என் பொறுப்பு. நேற்றுத்தான் முதல் நாள். ஆறு மாடிக் கட்டடம், லிஃப்ட் நின்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. கருவிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன், எவனாவது பிடுங்கிக்கொண்டு ஓடுவான் என்று.

உள்ளே நுழைந்ததும் வாசலில் மூன்று குழந்தைத் தள்ளுவண்டிகள். ஒன்றுக்கும் பூட்டு இல்லை. வெளியே நடைபாதையைத் தெரு முழுக்க வழித்திருந்தார்கள், இன்னார் வாசல் என்று பார்க்காமல். எங்கள் ஏரிப்பக்கத்தில் அவரவர் வாசலோடு சரி. தள்ளுவண்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டுகிறோம்.

ஒரு ரொட்டிக்காரர் மேல்மாடி எந்திர அறை வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். டீ கொடுத்தார். "சீக்கிரம் ஓட வைங்க சார். நாலாவது மாடியில தையல்கார அக்கா இருக்காங்க. ஏரிப்பக்கத்து ஆஸ்பத்திரியில துணி தைக்கிற வேலை. பாலத்தை மூடினதுலேர்ந்து சுத்திப் போய்க்கிட்டிருந்தாங்க. வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டாங்க. இப்ப இந்த லிஃப்டும் நின்னுபோச்சு, ஆஸ்பத்திரிக்குக் காட்டக்கூட இறங்க முடியலை. நாங்கதான் முறை போட்டுச் சாப்பாடு கொண்டுபோறோம்" என்றார்.

கதவு விசை தேய்ந்திருந்தது. மாற்றினேன். ஒவ்வொரு மாடியாக நிறுத்திப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. நாலாவது மாடியில் நிறுத்தினேன். ஒரு கதவுக்கு வெளியே கால்மிதி ஒன்று கிடந்தது. பழந்துணியில் பின்னியது. நடுவில் பச்சை.

லிஃப்ட் ஓடுகிறது. அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜனவரி 21

அன்புத் தம்பிக்கு,

கால் தேவலை. போன வாரம் கட்டைப் பிரித்தார்கள். குச்சி ஊன்றி நடக்கிறேன். உங்கள் மூவர் உடம்பும் எப்படி?

குளிரில் வேலை பார்க்கும்போது கையுறை போட்டுக்கொள். உன் கையெழுத்து கோணலாக இருந்தது. இரண்டாவது புள்ளி விழவே இல்லை.

அக்கா

பிப்ரவரி 8

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன், கால் வலிக்கிறதா?

என் கடிதம் எதிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. "தம்பி" என்றுதான் எழுதுவேன். நீ பார்த்தது லிஃப்டில் இருந்த அட்டையை. இனிமேல் மூடி மறைத்து எழுதுவதில் அர்த்தம் இல்லை.

கால்மிதியைப் பார்த்ததும் லிஃப்டை விட்டு வெளியே வந்தேன். அம்மா பின்னியது போல வேறு யாராவது பின்னியிருக்கலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அப்போது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. "நேரா நில்லுடா கழுதை, உன்னை என்ன கடிச்சா திங்கப்போறேன்?" ஊசியைத் திட்டிக்கொண்டு நூல் கோத்துக்கொண்டிருந்தாய். ஆறு வருஷத்துக்கப்புறம் உன் குரல். கையைத் தூக்கினேன், கதவைத் தட்ட. தட்டவில்லை.

ஏன் தட்டவில்லை என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன். நீ பொய் சொன்னாயே என்ற கோபத்தில் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இல்லை. டிசம்பரிலேயே உன் கடிதத்தின் மேல் இந்த ஊர் முத்திரை இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டேன், பேசினால் எதையாவது செய்ய வேண்டியிருக்கும் என்று. அன்றைக்கு உன் வாசலில் நின்றபோது என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். கதவு திறந்தால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். உன் காலை நான் பார்க்க வேண்டியிருக்கும். உன் காலை ஒடித்தது என் கையெழுத்து. அது வெட்கம் அக்கா. வெட்கம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், கேவலம். அட்டையில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் படியிறங்கி ஓடினேன். நானே ஓட வைத்த லிஃப்டில்கூட இறங்கவில்லை.

மறுநாள் செயலாளரிடம் போனேன், கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று. "கொடுத்த கையெழுத்தைத் திரும்ப வாங்கற வழக்கமெல்லாம் இங்க இல்லையே சார்" என்று சிரித்தார். அதே பெரிய சிரிப்பு. கூட்டத்தில் பேசுங்கள் என்றார். கூட்டத்தில் எழுந்து நின்றேன். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் அக்கா அங்கே குடியிருக்கிறாள், இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறாள், சுற்றி நடந்துதான் கால் ஒடிந்தது, என்று சொல்ல வேண்டும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். வாயில் வந்தது என்ன தெரியுமா? "அந்தப் பக்கத்துல எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர் இருக்காங்க" என்று. தெரிந்தவர்! என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவளை, எனக்காக முட்டி போட்டவளை. உட்கார்ந்துவிட்டேன். அடுத்துக் குப்பைத்தொட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "பேச வரலைன்னா எழுதுங்க" என்று தாளை எடுத்து முன்னால் வைத்தாள்.

எழுதியிருக்கிறேன். பாலத்தைத் திறக்கச் சொல்லி ஒரு மனு. உன் கால், என் கையெழுத்து, எல்லாம் அதில் இருக்கிறது. அக்கா என்றே எழுதியிருக்கிறேன். ஏரிப்பக்கத்தில் இதுவரை மூன்று பேர் போட்டிருக்கிறார்கள். நான், இவள், பால்காரர். பச்சை வாசல் அம்மா யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். மனுவை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் பட்டியலில் முதல் வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். அது உனக்கு. உன் பெயரும் முகவரியும் உன் கையால் எழுத வேண்டும். தபால் பெட்டி எண் செல்லாது.

மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. வந்து பார்க்கலாமா என்று மட்டும் கேட்கிறேன்.

தம்பி

மார்ச் 2

என் அவசரக்குடுக்கைக்கு,

கால் வலிக்கிறது. குளிர் ஏறினால் குத்துகிறது. கேட்டாயே, அதனால் இந்தத் தடவை உண்மையை எழுதுகிறேன்.

அத்தான் போய் நாலு வருஷம் ஆகிறது. சாகவில்லை, நன்றாகத்தான் இருப்பார். வேறொருத்தியோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். ஏரிப்பக்கத்து வீட்டை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை. பச்சை வாசல் அம்மாவுக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது, அவரைப் பாவம் என்று எழுதினாயே, திருத்திக்கொள். இங்கே வந்து சேர்ந்த அன்றைக்கு, நீ பார்த்த அதே ரொட்டிக்காரர்தான் என் பீரோவை நாலு மாடி தூக்கி வந்தார். உன் அட்டையில் லிஃப்ட் எத்தனை தடவை நின்றது என்று எழுதியிருக்குமே, அதில் அன்றைக்கும் ஒன்று.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அவர் ஊரெல்லாம் என் ஏரியைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் குரலில் அதை நினைத்துப் பார்ப்பேன், பேனா வேறு எதையும் எழுதாது. ஏரி இன்றைக்கு அழகாக இருந்தது என்று எழுதுவேன். பொய் இல்லை. வேலைக்குப் போகும்போது தினமும் பாலத்திலிருந்து பார்ப்பேன். அப்பா போனபோது வராததும் அதனால்தான். வந்திருந்தால், மாப்பிள்ளை எங்கே என்று ஒரு வீடு பாக்கியில்லாமல் கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் இருந்துவிட்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நீ வருகிறாய் என்றதும் நான் ஏன் ஓடினேன் என்று இப்போது புரியும். ஓடக்கூட இல்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு ஓடியதாக எழுதினேன்.

வேவு பார்க்க என்று எழுதினேனே, அது என் சொந்தச் சரக்கு இல்லை. ஏரிப்பக்கத்தில் இருந்தபோது என் சமையலறையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு அம்மாக்கள் சொன்னது. நானும் தலையாட்டினேன். பிறகு அந்த ஆட்களில் நானும் ஒருத்தி ஆனேன். ஆன பிறகும் உனக்கு அதையே எழுதினேன். உன்னை இந்தப் பக்கம் வரவிடாமல் தடுக்க எனக்கு வேறு பொய் கிடைக்கவில்லை. எனக்காக முறை போட்டுச் சாப்பாடு கொண்டுவந்தவர்களைத் திருடர்கள் என்று எழுதினேன்.

நவம்பர் ஐந்தாம் தேதி காலை ஐந்தரை மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு பாலத்துக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. ஒட்டியிருந்த தாளை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ரொட்டிக்காரருக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. "என்னம்மா எழுதியிருக்கு, படிங்க" என்றார். நான்தான் படித்தேன். முதல் வரியே என் வரி. அதை அவர்கள் முகத்துக்கு நேராக, என் வாயாலேயே படித்தேன். கீழே அப்பாவின் இரண்டு புள்ளி. "யாரு இப்படியெல்லாம் எழுதறாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பூமி பிளந்தால் போதும் என்று இருந்தது. என் காலை நீ ஒடித்ததாக எழுதியிருக்கிறாய். பாதிதான் நீ. மீதியை நான் எழுதிக்கொடுத்தேன்.

இன்னொன்று. நீ வந்து போன அன்று ரொட்டிக்காரர் கேட்டார். "அந்த மெக்கானிக் உங்க கதவுக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னாரும்மா. உங்களுக்குத் தெரிஞ்சவரா?" நான் குச்சியை ஊன்றிக்கொண்டு லிஃப்டுக்குள் போய் அட்டையைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஒற்றைப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஆனாலும், "தெரியாது" என்றேன். நீயாவது தெரிந்தவர் என்று சொன்னாய். நான் அதைக்கூடச் சொல்லவில்லை. கூட்டத்தில் தலைகுனிந்ததை நினைத்து ரொம்ப உருகாதே, இந்தப் போட்டியில் நான்தான் முதல்.

நேற்று சாயங்காலம் ரொட்டிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரி யாருடையது என்றும் சொன்னேன். அவர் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டார். "சரி, தாளைக் கொடுங்க" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இன்று காலை எப்போதும் போல என் கதவில் ரொட்டி தொங்கியது.

இந்தக் கட்டடத்திலிருந்து முப்பத்தொரு கையெழுத்து. முதல் வரியில் நான். முகவரியையும் எழுதிவிட்டேன். நாலு வருஷமாக எங்கேயும் எழுதாத முகவரி, எண்ணை ஒரு தடவை தப்பாக எழுதித் திருத்தினேன். உறையின் பின்னாலும் எழுதியிருக்கிறேன், பார்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நாலாவது மாடி, பச்சை நடு வைத்த கால்மிதி. வாண்டையும் அவள் அம்மாவையும் பஸ்ஸில் அனுப்பு, அவர்கள் பாலத்தை மூடக் கையெழுத்துப் போடவில்லையே.

நீ சுற்றி நடந்து வா.

உன்,
அக்கா